மணிக்கு 3.6 ராண்ட்ஜன்: ஒரு பெருக்கல் கணக்கின் கதை

1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபிலின் நான்காவது அணு உலை வெடித்தது. அதன்பின் மேலிடத்துக்குப் போன கதிர்வீச்சு அளவு மணிக்கு 3.6 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு). உண்மையில் எந்தக் கருவியிலும் யாரும் 3.6 என்று படிக்கவில்லை. அப்போது கைக்குக் கிடைத்த அளவிகள் காட்டக்கூடிய உச்சமே நொடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன்தான். முள் அங்கே போய் முட்டி நின்றுவிட்டது. 1000 மைக்ரோ என்பது ஒரு ராண்ட்ஜனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணிக்கு 3600 நொடி என்பதால், பெருக்கினால் 3.6 வருகிறது. பெருக்கலில் பிழையே இல்லை. தராசின் கடைசிக் கோட்டையே எடை என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். சிதைந்த கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளில் நொடிக்கு 5.6 ராண்ட்ஜன், அதாவது மணிக்கு 20,000-க்கும் மேல் இருந்திருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள்.

இதை இன்று நாம் பயன்படுத்தும் அலகுக்கு மாற்றிப் பார்க்கலாம். கதிர்வீச்சு ஒரு பொருளுக்குள் விட்டுச்செல்லும் ஆற்றலைத்தான் ஏற்பளவு என்கிறோம். ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. பிரிட்டன் இயற்பியலாளர் லூயி ஹரால்ட் கிரேயின் பெயரில் 1975-இல் வந்த அலகு இது. கேட்க அற்பமாக இருக்கும். உடல் முழுவதும் ஒரே மூச்சில் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துபோவார்கள். 60 கிலோ ஆளுக்கு அது வெறும் 240 ஜூல். அரை ஸ்பூன் சூடான டீயை விழுங்கினால் உடம்புக்குச் சேரும் வெப்பம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டீ உடம்பைச் சூடாக்குவதோடு சரி. கதிர்வீச்சோ அதே ஆற்றலைக் கொண்டு மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது, டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது.

கிரேவுக்கு முன்பு இருந்தது ராட். ஒரு கிராமுக்கு 100 எர்க் (ஆற்றலின் பழைய சிற்றலகு). 100 ராட் சேர்ந்தால் 1 கிரே. இரண்டுமே ஆற்றலைத்தான் அளக்கின்றன, அதனால் நூறால் வகுத்தால் வேலை முடிந்தது. ராண்ட்ஜன் அப்படியல்ல. எக்ஸ் கதிரோ காமா கதிரோ காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்பதே அதன் கணக்கு. ஆகவே அதைக் கிரேவாக்கும்போது எந்தப் பொருளில் என்று கேட்டாக வேண்டும். காற்றில் 1 ராண்ட்ஜன் என்பது 8.76 மில்லிகிரே. தசையில் இன்னும் சற்றுக் கூடுதல்.

காற்றுக்கான எண்ணையே வைத்துக்கொள்வோம். மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்பது ஏறக்குறைய 31.5 மில்லிகிரே. அந்த வேகத்தில் 4 கிரே சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகும். மணிக்கு 20,000 ராண்ட்ஜன் என்றால் 175 கிரே. அதே 4 கிரேவுக்கு 82 நொடி போதும். காகிதத்தில் எழுதிய எண்ணை நம்பி உள்ளே போனவருக்கு அந்த வித்தியாசம் எதைக் குறித்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பொறி, மணியை ஆண்டாக்குவது. ஓராண்டுக்கு 8760 மணி. ஆகவே மணிக்கு 1 மைக்ரோகிரே என்பது ஆண்டுக்கு 8.76 மில்லிகிரே. மேலே ராண்ட்ஜனுக்கு வந்ததும் இதே 8.76தான்! இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது, வெறும் தற்செயல். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டுவிட வசதியான தற்செயல்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அங்கே ஓரிடத்தில் கருவி மணிக்கு 1 மைக்ரோகிரே காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதற்காக அந்த ஊர்க்காரருக்கு ஆண்டுக்கு 8.76 மில்லிசீவர்ட் என்று எழுதிவிடக் கூடாது. சீவர்ட் என்பது உடலுக்கு நேரும் பாதிப்பைக் கணக்கில் கொள்ளும் அலகு. காற்றில் அளந்த கிரேவைப் பெரியவர்களின் உடலுக்கான சீவர்ட்டாக்க 0.7-ஆல் பெருக்குவது வழக்கம். யாரும் இருபத்துநான்கு மணி நேரமும் மணலிலேயே கிடப்பதில்லை என்பதால், வெளியில் இருக்கும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்காக எடுத்துக்கொள்வார்கள். 8.76-ஐ இந்த இரண்டாலும் பெருக்கினால் ஆண்டுக்குக் கிடைப்பது 1.23 மில்லிசீவர்ட். வீட்டுக்குள் இருக்கும் நேரத்துக்குத் தனிக் கணக்கு. உலக சராசரியாகச் சொல்லப்படும் மணிக்கு 59 நானோகிரேவை இதே வழியில் மாற்றினால் ஆண்டுக்கு 0.07 மில்லிசீவர்ட்தான் வரும்.

எந்த நேர அளவில் சொல்கிறோம் என்பதும் படிப்பவரைத் தடுமாறச் செய்யும். புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்ச் சிகிச்சை தரும் இயந்திரமான நேர்கோட்டு முடுக்கி வழக்கமாக நிமிடத்துக்கு 6 கிரே வரை தரும். மணிக்கணக்கில் சொன்னால் 360 கிரே, நாம் மேலே போட்ட செர்னோபில் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அந்தக் கதிர் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் பாய்கிறது. ஒரு வேளைக்கு வழக்கமாகத் தரும் 2 கிரேவை அந்த வேகத்தில் 20 நொடியில் கொடுத்து முடித்துவிடலாம்.