அடிபட்டுப் படுத்திருக்கும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ. தரும் பணம்: எப்படி வாங்குவது?

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் 113 ரூபாய் போட்டிருக்கும், சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்த 113 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் "டிஸ்பென்சரியில் மாத்திரை தருவாங்க" என்றுதான் சொல்வார்கள். மாத்திரையும் கிடைக்கும், ஆபரேஷனும் உண்டு, சரி. அதற்கு மேல், உடம்பு தேறி வேலைக்குத் திரும்பும் வரை வீட்டில் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கை நம் பேங்க் கணக்கிலேயே போடுவார்கள். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் காலை ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது கீழே விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து கம்பி வைத்து வீட்டுக்கு வந்தான், மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் கேட்டதற்கு, விபத்து ரோட்டில்தானே நடந்தது, எங்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

அது தவறு. வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், நேரமும் பாதையும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலையில் ஏற்பட்ட காயமாகவே இ.எஸ்.ஐ.யில் எடுத்துக்கொள்ளப்படும். 2010-இலிருந்து இப்படித்தான். இந்த ஒரு விஷயத்தால் கிடைக்கும் தொகையே மாறிவிடுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் சராசரி நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, குடலிறக்க ஆபரேஷன் என்று படுத்தால் அது நோய்க்கால உதவி, 70 சதவீதம், நாளுக்கு 350 ரூபாய். ஒரு வருடத்தில் அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம், நாளுக்கு 450 ரூபாய். அதற்கு 91 நாள் கணக்கெல்லாம் இல்லை, டாக்டர் வேலைக்குத் தகுதி என்று எழுதிக்கொடுக்கும் வரை வரும், விபத்து நடந்த நாளை விட்டுவிட்டுக் குறைந்தது மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு.

நோய்க்கால உதவிக்கு அப்படி இல்லை, முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு ஆறு மாதம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு ஆறு மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் 78 நாளாவது சம்பளம் வாங்கிப் பிடித்தமும் ஆகியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை படுத்தால் பணம். இரண்டாவது ஆறு மாதத்துக்கு உரியது ஜூலை முதல் டிசம்பர் வரை. அடிக்கடி கம்பெனி மாறுகிறவர்கள் இந்த 78 நாளைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அப்புறம் பெரிய வியாதிகள். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், முறிந்து ஒன்று சேராத எலும்பு என்று 34 வியாதிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இதில் ஒன்று வந்தால் 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதம் வீதம் தொடர்ந்து வாங்கலாம், மெடிக்கல் போர்டு (டாக்டர்கள் குழு) பரிந்துரைத்தால் இரண்டு வருடம் வரை நீளும். குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய நான்கு ஆறுமாதக் கணக்கில் 156 நாள் பிடித்தமும் இருக்க வேண்டும். கீமோ நடக்கும்போதே தையல் மெஷினில் வந்து உட்காரும் அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இந்தப் பட்டியலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, பணத்துக்கு என்ன செய்ய வேண்டும்? எல்லாம் ஒரு சீட்டில் இருக்கிறது. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட டிஸ்பென்சரி டாக்டர் முதல் சான்றிதழ் தருவார், அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு என்று இருக்கும். தேதி முடியும்போது மறுபடியும் போய் அடுத்த சான்றிதழ், கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற பிட்னஸ் சான்றிதழ். இவற்றை வைத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் பேங்கில் பணம் ஏறும். அண்ணனுக்கு இரண்டாவது சான்றிதழ் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் 19-ஆம் தேதிதான் போனோம், அடுத்த சீட்டு அன்றிலிருந்துதான் தொடங்கியது. நடுவில் நான்கு நாள் போனது போனதுதான். சீட்டு முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோமே என்றால் பயப்பட வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டிஸ்பென்சரிக்கும் கிளை அலுவலகத்துக்கும் சீக்கிரம் கொண்டுபோங்கள். வெளி டாக்டரின் சான்றையும் மாற்றுச் சான்றாகக் கொடுக்க வழி இருக்கிறது, அதைப் பரிசீலித்துத்தான் முடிவு சொல்வார்கள். எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு கேள்வி வரும். வேலையில் அடிபட்டிருந்தால் கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். ரோட்டு விபத்து என்றால் மருத்துவமனையில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும், போலீஸில் எப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். எத்தனை மணிக்கு, எந்த ரோட்டில் என்று அதில் இருப்பதுதான் ஷிப்டுக்குத்தான் போனான் என்பதற்குச் சாட்சி. எங்களுக்கும் கடைசியில் அந்த ஏ.ஆர். காப்பிதான் கைகொடுத்தது.

இன்னொன்று, பணம் வாங்கும் நாட்களில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது, கம்பெனி சம்பளத்தோடு லீவு கொடுத்த நாளுக்கும் இந்தப் பணம் கேட்க முடியாது.

இந்தத் திட்டம் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. நடுவில் சம்பளம் ஏறி வரம்பைத் தாண்டினாலும் அந்த ஆறுமாதக் கணக்கு முடியும் வரை நீங்கள் உள்ளேதான், உடனே கார்டு செல்லாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடித்தம் செய்த காசைக் கம்பெனி கட்டியிருக்கிறதா என்பதை உங்கள் ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்க்கலாம். படுத்த பிறகு பார்ப்பதைவிட இன்றைக்கே பார்ப்பது நல்லது.

எல்லாம் ஆறிய பிறகும் கால் முன்போல மடங்கவில்லை, விரல் போய்விட்டது என்றால், பிட்னஸ் வாங்கியதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் மெடிக்கல் போர்டு முன்னால் நிற்கக் கேளுங்கள், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அவர்கள் தீர்மானிப்பதை வைத்து ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகை வரும். அண்ணனுக்கு அந்தத் தேதி அடுத்த மாதம் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் இ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லாத எண் 1800 11 2526, ஐ.பி. நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.