மூன்றாவது குத்தும் பத்தில் ஒரு நொடியும்

பதினொரு வருடமாக நர்ஸாக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளி யாராவது இறந்துபோனால் இரண்டு நாள் சோறு இறங்காதாம். இப்போது ட்ரிப்ஸைக் கழற்றிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறாராம். “வீட்டில் பிள்ளை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு அழுதாலும் மனசு அசையவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறார். எனக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கிறார்.

கண்ணேறு எதுவும் இல்லை அம்மா. உங்கள் அம்மாவின் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களுக்கு நடப்பதற்கு பர்ன்அவுட் என்று பெயர், ஓயாத வேலை நெருக்கடியில் மனம் எரிந்து தீர்ந்துபோவது. அதை 50 வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

நெருக்கடி வந்தால் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும், ஓய்வு கிடைத்தால் அடங்கும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஓய்வே கிடைக்காமல் அது மாதக்கணக்கில் நீண்டால் என்ன ஆகும்? 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற சமூக உளவியலாளர் டாக்டர்கள், நர்ஸ்கள், சமூகப் பணியாளர்களிடம் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அழுகையும் மரணமும் நாள் முழுக்கக் கண்முன் நடக்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நேர்காணல்களிலிருந்து வளர்ந்தது, சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து அவர் 1981இல் வெளியிட்ட 22 வாக்கியக் கேள்வித்தாள். பர்ன்அவுட்டை அளக்க இன்றும் உலகெங்கும் முதலில் எடுப்பது இதைத்தான். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருக்கும் ஆளை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது, நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது.

இந்த மூன்றில் நடுவில் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் நர்ஸ்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். “12 ஷுகர் கால், 13 ஹார்ட் கேஸ், 14 டிஸ்சார்ஜ்.” அப்பாதான் அந்த 13. முதல் நாள் சுருக்கென்றது. அன்று மதியமே அதே நர்ஸ் ஊசி போட வந்தார். அப்பாவின் கை வீங்கி நரம்பே கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை குத்தும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை. விரலால் மெதுவாகத் தடவி, புறங்கையில் ஒரு நரம்பைப் பிடித்தார்.

அவரால் எப்படி முடிந்தது? 2007இல் தைவானைச் சேர்ந்த யாவெய் செங், அமெரிக்காவின் டெசெட்டி என்ற மூளை ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று இதற்குக் கிட்டே போகிறது. அக்குபங்சர் செய்யும் டாக்டர்களையும் சாதாரண ஆட்களையும் ஸ்கேனரில் படுக்கவைத்து, கையிலும் காலிலும் ஊசி இறங்கும் வீடியோவைக் காட்டினார்கள். சாதாரண ஆட்களின் மூளையில், தமக்கே வலித்தால் விழித்துக்கொள்ளும் பகுதிகள் விழித்துக்கொண்டன. டாக்டர்களுக்கு அவை அமைதியாகவே இருந்தன. நெற்றிக்குப் பின்னால், உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் பகுதிகள்தான் அவர்களிடம் வேலை செய்தன.

சரி, வலியை முதலில் உணர்ந்துவிட்டு அப்புறம் அமுக்கிக்கொள்கிறார்களா? 2010இல் டெசெட்டியும் செங்கும் மூளையின் மின் அலைகளைப் பதிந்து பார்த்தார்கள். ஊசி குத்துவதைப் பார்த்த சாதாரண ஆட்களிடம் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள்ளேயே ஓர் அதிர்வு எழுந்தது. டாக்டர்களிடம் அந்த முதல் அதிர்வே தெரியவில்லை. “பதறாதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் அளவுக்குக்கூட நேரமில்லை. அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு அந்த மூன்றாவது குத்துதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதவு சாத்தவில்லை என்றால் யாராலும் நரம்பைத் தேடியிருக்க முடியாது.

ஆக, விலகி நிற்பது தொழில் கற்றுக்கொடுக்கும் திறமை. ஷிப்ட் முடிந்ததும் கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். போதிய நர்ஸ்கள் இல்லாத வார்டில், அடுத்தடுத்து நைட் டியூட்டியில், மனம் வற்றிய பிறகு அது திறப்பதில்லை. பிள்ளையின் முட்டிக்கும் திறப்பதில்லை. மின் அலை ஆய்வையும் மாஸ்லாக் கேட்ட பேச்சுகளையும் சேர்த்து நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இதற்கு மருந்தாக நர்ஸ்களை மூச்சுப்பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள், அதுவும் பல இடங்களில் டியூட்டி முடிந்த பிறகு. மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால் பர்ன்அவுட் வேலையிடத்தில் விளைவது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் வகைப்படுத்தியிருக்கிறது. அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. நர்ஸ்களின் வேலையை ஆராயும் லிண்டா ஐக்கென் குழு 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து சொன்னதையும் பாருங்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அவர் பர்ன்அவுட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியது. பணத்தைக் கொட்டுவதென்றால் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற ஆள் கணக்கில் கொட்டுங்கள் என்பேன்.

மாஸ்லாக்கின் கலிபோர்னியா அந்தக் கணக்கைச் சட்டமாகவே எழுதியது. 1999இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு 6 நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று தொடங்கி, மறுவருடம் அதை 5 ஆக்கினார்கள். ஐசியூவில் 2. இரவானாலும் அதே கணக்குதான்.

அம்மா, அடுத்த கடிதத்தில் இதை மட்டும் எழுதுங்கள்: நைட் டியூட்டியில் உங்கள் ஒருவர் கையில் எத்தனை பெட்?