காய்ந்தபின் கப்பலேறிய சொல்

செப்டம்பரில் பிரான்சின் சந்தைகளில் பொன்னிறச் சாஸ்லா திராட்சை குலைகுலையாக வந்து இறங்கும். மேலே செருகியிருக்கும் அட்டையில் 'ரெஸேன்' என்றிருக்கும். எழுத்துக்கூட்டினால், ஆங்கிலத்தில் உலர் திராட்சையைக் குறிக்கும் ரெய்சினும் அதே எழுத்துகள்தான். பழமோ நுனிவிரலால் அழுத்தினால் சாறு தெறிக்கும்!

பிரெஞ்சில் ரெஸேன் என்றாலே புதுத் திராட்சை. காய்ந்ததற்கு 'செக்' சேர்த்து 'ரெஸேன் செக்' என்பார்கள். நாம் 'உலர்' சேர்ப்பது போலத்தான். பேக்கரியில் மட்டும் அது தேவையில்லை. சுருளாகச் சுட்ட 'பேன் ஓ ரெஸே'னில் இருப்பது உலர்ந்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அரிசி, பருப்பு மாதிரி திராட்சையையும் பெரும்பாலும் ஒருமையில்தான் சொல்வார்கள். தனிப் பழம் வேண்டுமானால் 'கிரேன் த ரெஸேன்', அதாவது திராட்சை மணி. குலைக்குப் பெயர் 'கிராப்'.

அந்தக் கிராப்தான் ஆங்கிலத்தில் கிரேப் ஆனது. குலையின் பெயர் பழத்துக்குப் போய்விட்டது. அதற்கும் முன்னால், பழைய ஜெர்மானிய மொழியொன்றில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கொக்கி என்று பொருள். ரெஸேனின் மூலமான லத்தீன் 'ராசெமுஸ்' என்பதும் குலைதான். வேதியியலில் படித்த 'ரசிமிக் கலவை', அதாவது இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வகை மூலக்கூறுகள் சரிபாதியாகக் கலந்தது, இதன் இன்னொரு கிளை. 'ரசிமிக்' முதலில் மது தயாரிப்பில் கிடைத்த ஓர் அமிலத்துக்கு வைத்த பெயர். 1848இல் லூயி பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, இடம் வலமாகக் கையாலேயே பிரித்தெடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

ஆங்கிலத்தில் மட்டும் ரெஸேன் ஏன் காய்ந்துபோனது? பழைய ஆங்கிலத்தில் திராட்சைக்கு 'வைன் பெர்ரி' என்று பொருள்படும் சொந்தச் சொல் இருந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. ரெய்சின் கொஞ்ச காலம் இரண்டு வகையையும் குறித்துவிட்டு, உலர்ந்ததோடு நின்றுவிட்டது. புதுத் திராட்சை சில நாளில் அழுகிவிடும். மத்தியதரைக் கடலிலிருந்து மாதக்கணக்கில் தாங்கி வந்தது காய்ந்ததுதான். கைக்கு வந்த சரக்கோடு சொல் ஒட்டிக்கொண்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிளம் பழத்தைப் பாருங்கள்: பிரெஞ்சில் புதுப்பழம் 'ப்ரூன்', உலர்ந்தது 'ப்ரூனோ'. ஆங்கிலத்திலோ ப்ரூன் என்றாலே உலர்ந்தது. கிரேக்கத்தின் கொரிந்து நகரப் பெயரைத் தாங்கிய 'ரெஸேன் த கொரேந்த்', ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மட்டும் தேய்ந்து 'கரண்ட்' ஆகிவிட்டது.

தமிழிலும் இப்படி ஒரு சொல் இடம் மாறியிருக்கிறது. முந்திரிகை என்றால் முன்பு திராட்சை. யாழ்ப்பாணத்தில் இன்றும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அந்தப் பெயரை, போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டை எடுத்துக்கொண்டது. பழையதைச் சொல்ல வேண்டுமானால் 'கொடிமுந்திரி' என்று கொடியைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.