முதுகுப் பலகைக்கு ஆணி அடிக்காதீர்கள்

வரவேற்பறை அழகுக்காக வாங்கிய பழைய ஈம்ஸ் ரக ப்ளைவுட் நாற்காலியின் முதுகுப் பலகை கழன்றுவிட்டது, ஆணி அடித்தால் நிற்குமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. பிறகு பலகையே பிளக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1940களில் வடிவமைத்த அந்த நாற்காலிகளில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வில்லை இருக்கும். வில்லை பலகையில் ஒட்டியிருக்கும். திருகு பின்னாலிருந்து வில்லைக்குள் உள்ள மரையில் ஏறும். முன்பக்கம் திருகுத் தலையே தெரியாது, சாய்ந்தால் பலகையும் கூடவே கொஞ்சம் சாயும்.

இந்த நெகிழ்வு எங்கிருந்து வருகிறது? குலசேகரத்து ரப்பர் தோட்டங்களில் சிரட்டையில் வடியும் பாலில் இருப்பவை, ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறுகளைக் கண்ணிகளாக ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிகள். சும்மா இருக்கையில் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நேராகும். நேராக நிற்க ஒரே வழி. சுருண்டு கிடக்கக் கோடி வழிகள். வெப்பத்தில் ஓயாமல் துள்ளும் சங்கிலி, பிடியை விட்டதும் அந்தக் கோடியில் ஒன்றுக்குப் போய்விடுகிறது. இரும்புச் சுருளில் அணுப் பிணைப்புகள் இழுபட்டு விசை வருகிறது. ரப்பருக்கோ ஒழுங்கின்மைதான் விசை! ரப்பர் பேண்டில் எடையைத் தொங்கவிட்டு ஹேர் டிரையரால் சூடாக்கிப் பாருங்கள். பேண்ட் நீளாது, எடை மேலேறும்.

சங்கிலிகள் வழுக்கிப் போகாமல் கந்தகம் முடிச்சுப் போடுகிறது. இது 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டது. முடிச்சுக்கு வழிவிடுவது சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பு. ஆக்சிஜனும் ஓசோனும் தாக்குவதும் அதை வைத்துத்தான். காலப்போக்கில் முடிச்சுகள் கூடி வில்லை இறுகும். இறுகிய வில்லை சாய்வைத் தாங்காமல் ஒட்டின் மேல் தள்ளிவிட, ஒட்டு மேல்மரத் தோலோடு பிய்ந்து வரும்.

நகத்தால் அழுத்துங்கள். பதியவில்லை, ஓரத்தில் வெடிப்பு என்றால் மாற்ற வேண்டியதுதான். பழையதை ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், சூடுகாட்டி மெல்லிய தகட்டால் அறுத்தெடுங்கள். இடத்தை முன்பே பென்சிலால் குறியுங்கள். மரம், புது வில்லை இரண்டையும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் எபாக்சி தடவி, லேசாக எடை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் பசையெல்லாம் பிதுங்கிவிடும். மரைக்குள் பசை போகக் கூடாது. திருகு நீளமாக இருந்தால் மரையைத் தாண்டி மரத்தில் முட்டி, ஒட்டிய வில்லையையே உந்திக் கழற்றும்; ஒட்டின் தவறென்று நினைப்பீர்கள்.

ரப்பர் மெதுவாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும் நம் ஊரில் உண்டு. எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊதி வலுவிழக்கும், ஒட்டும் பிடிக்காது. இத்தனை ரப்பர் விளையும் குமரி மாவட்டத்தில் இதைச் சோதித்துக் காட்ட ஒரு சிறு கூடம் பள்ளிதோறும் இருந்தால் என்ன?

சரிசெய்த நாற்காலியை மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் போடாதீர்கள். முட்டம், குளச்சல் பக்கம் என்றால் உப்புக் காற்றில் வில்லைக்குள் உள்ள இரும்பும் துருவேறும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், முதுகுப் பலகை சாய இடம் வேண்டும்.