சேதியால் பெயர் பெற்ற பாட்டும் வாயால் வளர்ந்த பாட்டும்

அமெரிக்காவின் காஸ்பல் இசைக்கும் ஃபோக் இசைக்கும் என்ன வேறுபாடு? பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘காஸ்பல்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘நல்ல சேதி’ என்று பொருள். கிரேக்கச் சொல் ஒன்றின் நேர்பெயர்ப்பு அது. நம்முடைய ‘நற்செய்தி’யும் அப்படிப் பிறந்ததுதான். ‘ஃபோக்’ என்றால் மக்கள். முதல் பெயர் பாட்டு எதைச் சொல்கிறது என்று காட்டுகிறது. மற்றது யார் வாயில் வளர்ந்தது என்று காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்; எடையையும் நீளத்தையும் ஒப்பிட முடியுமா? ஆனால் காதுக்கு வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் 1916 முதல் 1918 வரை அலைந்து திரட்டிய ஃபோக் கதைப்பாடல்கள் பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாதவை. பல மெட்டுகளில் ஐந்தே சுரங்கள். கொலையைப் பாடும்போதும் குரல் பதறாது. ஒரே மெட்டு கண்ணிதோறும் திரும்பி வந்து நினைவுக்குக் கைகொடுக்கும். சொற்கள் மட்டும் வாய்க்கு வாய் மாறும்.

காஸ்பல் நகரத்துப் பிள்ளை. கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையின் பியானோ கலைஞரான தாமஸ் டோர்சி, 1930களில் சிகாகோவில் அந்த இசையின் நெளிவுகளைக் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார். முகம் சுளித்தவர்களும் உண்டு. இங்கே எழுதியவர் பெயர் தெரியும். பாட்டு அச்சிட்டு விற்கப்பட்டது. ஒருவர் வரியைத் தொடுக்க, குழு பதில் தரும். கைத்தட்டு தாளத்தின் இரண்டாம், நான்காம் தட்டுகளில் விழும். முடிவில் ஒரு சிறு வரியையே சுற்றிச் சுற்றிப் பாடுவார்கள். சிலசமயம் சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றுவார்கள்.

பின்னணியில் நடுங்கும் ஒலி, 1935இல் சந்தைக்கு வந்த ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனுடையது. குழாய் ஆர்கனைவிட மலிவு என்பதால் சிறு சபைகளுக்கும் எட்டியது. அதனுடன் இணைக்கும் லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் ஒரு கொம்பு சுழல்கிறது. கொம்பின் வாய் நம் பக்கம் வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். கடந்துபோகும் ரயிலின் ஊதலில் கேட்கும் அதே டாப்ளர் விளைவு. மனத்தை உருக்கும் அந்த நடுக்கத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு மோட்டார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

இரண்டு அளவுகோலும் ஒரே பாட்டில் பொருந்தலாம். 1945இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள், தேவாலயப் பாட்டு ஒன்றில் ‘நான் வெல்வேன்’ என்றிருந்ததை ‘நாம் வெல்வோம்’ என்று மாற்றிப் பாடினார்கள். அந்தப் பாட்டு, டென்னசியில் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளி வழியாக ஃபோக் பாடகர் பீட் சீகரிடம் போய், கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தின் பாட்டாகிவிட்டது. கர்த்தர் நம்மைக் கரைசேர்ப்பார் என்ற கண்ணியைச் சிலர் பாடினார்கள், சிலர் விட்டுவிட்டார்கள்.