"போர்டு மட்டும்தான் போயிருக்கு": பழைய கார்விங் மெஷின் வாங்கும் முன்

"அண்ணே, நல்ல மெஷின். போர்டு மட்டும்தான் போயிருக்குன்னு சொன்னாங்க. வண்டியில ஏத்திட்டேன்."

இப்படி ஒரு போன் வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். கம்ப்யூட்டர் சொல்படி மரத்தில் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். போன் செய்தவர் உளியால் செதுக்கியே பேர் வாங்கிய மரவேலைக்காரர். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு அந்த மெஷினை வாங்கியிருந்தார். போய்ப் பார்த்தேன். விற்றவர் சொன்னது பொய்யில்லை, கன்ட்ரோல் போர்டு போயிருந்தது. மாற்றினோம், ஓடியது. ஆனால் முதலில் செதுக்கிய பூவிலேயே இதழ்களின் ஓரம் படிக்கட்டு போல வந்தது. டூலைச் சுற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டக் டக்' என்று ஆடியது. மேலும் கீழும் போகும் இசட் அச்சின் ரெயில், அதில் ஓடும் பிளாக், அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூ மூன்றும் தேய்ந்து போயிருந்தன. போர்டுக்கு ஆனதைவிடப் பல மடங்கு செலவு அங்கே வைத்தது.

அதனால்தான் பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்றை விடாமல் சொல்கிறேன். எது கெட்டிருக்கிறது என்று விற்பவர் காட்டும் இடத்தை அப்புறம் பாருங்கள். முதலில் மெஷினின் உடம்பைப் பாருங்கள். போர்டு, அச்சு மோட்டார்களுக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர், பவர் சப்ளை, ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி இவையெல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். அதே கம்பெனிப் பொருள் கிடைக்காவிட்டாலும் வேறொன்றைப் பொருத்தி ஓட்டிவிடலாம். ஃபிரேம் முறுக்கியிருந்தாலோ வெல்டிங்கில் விரிசல் விட்டிருந்தாலோ அந்த வசதி கிடையாது. ரெயிலும் ஸ்க்ரூவும் மாற்றக்கூடியவைதான். ஆனால் பணமும் அலைன்மென்ட் வேலையும் அதிகம் தின்பவை அவைதான்.

சரி, உடம்பை எப்படிப் பார்ப்பது? ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் கருவி), அதற்கு ஒரு காந்த ஸ்டாண்டு, ஒரு மல்டிமீட்டர், ஒரு அளவு டேப், ஒரு டார்ச். இவ்வளவு போதும்.

மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு அச்சையும் கையால் மெதுவாக நகர்த்துங்கள். பல்சக்கரத்தில் ஓடும் ரேக்-பினியன் மெஷின் என்றால் கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலத்தை) தள்ளலாம், ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூவையே சுற்றலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகப் போக வேண்டும். மணல் மேல் இழுப்பது போல நெருடினால் பிளாக்கின் குண்டுகள் போய்விட்டன என்று அர்த்தம். ரெயிலைத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா, துரு அரித்திருக்கிறதா? மேலாகப் படிந்த துரு துடைத்தால் போகும். குழி போகாது.

அடுத்தது பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது அச்சில் தெரியும் ஆட்டம். அச்சை ஒரே திசையில் கொஞ்சம் நகர்த்தி டயல் கேஜை சைபரில் வையுங்கள். அதே திசையில் 1 மிமீ போய், 1 மிமீ திரும்பி வாருங்கள். முள் சைபருக்கு வராமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் ஆட்டம். பவர் ஏறாத மெஷின் என்றால் ஸ்க்ரூ திரும்பாமல் பிடித்துக்கொண்டு, அச்சை முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள்.

இதை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நடுவிலும் பாருங்கள், இரண்டு ஓரங்களிலும் பாருங்கள். மரத்தைப் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கட்டுவார்கள், ஸ்க்ரூ அந்த இடத்தில்தான் தேயும். ஓரத்தில் 0.03 மிமீ காட்டி நடுவில் 0.2 மிமீ காட்டினால் அந்த ஸ்க்ரூ முடிந்த கதை. "நட்டைக் கொஞ்சம் டைட் பண்ணிக்கலாம்" என்பார்கள். நடுப்பகுதிக்குச் சரியாக டைட் செய்தால், தேயாத ஓரத்துக்குப் போகும்போது பிடித்துக்கொள்ளும். மோட்டார் அங்கே திணறும். பலகை வெட்டுகிறவருக்கு 0.2 பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். முகம், கண் இமை, விரல் என்று செதுக்குகிறவருக்கு அதுதான் எல்லாம்.

கேன்ட்ரியின் இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார் இருக்கிற மெஷினில் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்போதாவது ஒரு பக்க மோட்டார் மட்டும் நின்று, மறுபக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா? அப்படி நடந்திருந்தால் கேன்ட்ரி கோணியிருக்கலாம், பிளாக்குகள் அடிபட்டிருக்கலாம். மெஷின் ஓடுகிறது என்றால் நான்கு மூலைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

இனி எரிந்து போனவற்றைப் பார்ப்போம். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: எல்லா டிரைவர்களும் ஒரே வயதா? மூன்று பழையதாகத் தூசி படிந்து, ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தால், அந்த அச்சு ஏற்கெனவே ஒரு டிரைவரைச் சாப்பிட்டிருக்கிறது. ஏன் என்று தெரியாமல் இன்னொன்றை மாட்டினால் அதையும் சாப்பிடும். பல நேரம் காரணம், அச்சோடு நகரும் வயர்களைத் தாங்கும் கேபிள் செயினுக்குள் இருக்கும். ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்த வயர், மேல் உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்துவிடும். ஒரு வளைவில் தொடும், இன்னொரு வளைவில் விடும். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் வயர் விட்டால், அந்த நொடியில் எழும் வோல்டேஜ் டிரைவரைக் கொன்றுவிடும். மெயினை அணைத்து, வயரின் இரு முனையையும் டிரைவர் பக்கமும் மோட்டார் பக்கமும் கழற்றி, மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துக்கொண்டு செயினை முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். சத்தம் ஒரு இடத்தில் விட்டு வந்தாலும் அந்த வயரை மாற்றியே ஆக வேண்டும்.

இதே காரணத்தால்தான், பவர் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைக் கழற்றி மாட்டிச் சோதிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நல்ல டிரைவர்கள் இப்படிச் செத்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஸ்பிண்டிலுக்கு வருவோம். டூலைப் பிடிக்கும் கோலெட்டை எடுத்துவிட்டு, உள்கூம்பில் டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் சுற்றுங்கள். முள்ளின் ஆட்டம் 0.01 மிமீ அளவில் இருந்தால் நல்லது. 0.05 காட்டினால் நுனி மெல்லிய டூல்கள் அதில் நிற்காது, படபடவென்று ஒடியும். சுற்றும்போது கரகரப்பு கேட்டால் பேரிங் போயிருக்கிறது. விஎஃப்டியிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு மூன்று ஃபேஸ்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் அளந்தால் மூன்றும் சமமாக வர வேண்டும். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) கிடைத்தால் காயிலுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். நல்ல காயில் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் அதற்குக் கரன்ட் கொடுக்கவே வேண்டாம். விஎஃப்டி மாட்டியிருக்கும்போது மெக்கர் வைத்தால் விஎஃப்டி போய்விடும், கவனம்.

நீரில் குளிரும் ஸ்பிண்டில் பல மாதம் சும்மா கிடந்திருந்தால் உள்ளே பாசியும் துருவும் அடைத்திருக்கும். ஒரு குழாயில் தண்ணீர் விட்டு மறு குழாயில் தாராளமாக வருகிறதா என்று பாருங்கள்.

விஎஃப்டியை யாராவது புதிதாக மாற்றியிருந்தால் அதன் செட்டிங்கை நம்பி ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும் இரு துருவ (2-pole) ஸ்பிண்டிலுக்கு 400 ஹெர்ட்ஸ் வேண்டும், முழு வோல்டேஜும் அந்த 400-ல்தான் வர வேண்டும். கடையிலிருந்து வரும் விஎஃப்டி பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்கே முழு வோல்டேஜ் கொடுக்கும்படி அமைந்திருக்கும். அப்படியே மாட்டி ஓட்டினால் காயிலில் கரன்ட் தாறுமாறாக ஏறி, சில நிமிடங்களிலேயே புகை வரும்.

மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஓடட்டும். சில குறைகள் சூடு ஏறினால்தான் வெளியே வரும். ஓட்டும் முன் ஆரிஜினில் (தொடக்கப் புள்ளியில்) ஒரு குறி போட்டு வைத்து, நீளமான ரிலீஃப் (புடைப்புச் சிற்ப) ஃபைல் ஒன்றை ஓட்டி முடித்ததும் அதே இடத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு வட்டமும் வெட்டிப் பாருங்கள். வட்டத்தில் அச்சு திசை மாறும் நான்கு இடங்களில் மட்டும் சின்னப் படி தெரிந்தால் அது பேக்லாஷ், அதே அளவில் நிற்கும். வேலை போகப் போக இடம் விலகிக்கொண்டே போனால் மோட்டார் ஸ்டெப் விடுகிறது, அதாவது சொன்ன அளவு சுற்றாமல் தவறவிடுகிறது. அதற்கு வயர், டிரைவர் கரன்ட் செட்டிங், எங்கோ பிடிக்கிற ரெயில், லூசான கப்ளிங் என்று பல காரணம் இருக்கும். பல சமயம் அதிகச் செலவில்லாமல் சரியாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல ஸ்க்ரூவை மாற்றியவர்கள் உண்டு.

மெஷினோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் வருமே, அதை ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேரான மாக்3, பேரலல் போர்ட்டில் ஓடுவதாக இருந்தால் 64-பிட் விண்டோஸில் வேலை செய்யாது. என்சி ஸ்டுடியோ என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் ஓடும் மெஷின்களில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பிசிஐ கார்டு செருகியிருக்கும், பல இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகின்றன. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போனால் செட்டிங் மொத்தமும் போகும். வாங்கிய அன்றே ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள், ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போட்டோ எடுங்கள், விஎஃப்டி பாராமீட்டர்களையும் எழுதி வையுங்கள். டாங்கிளோ (சாஃப்ட்வேரைத் திறக்கும் சின்னச் சாவிக் கருவி) மெமரி கார்டோ இல்லாமல் ஓடாத மெஷின் என்றால் அது கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.

பெட்டிக்குள் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை. மெயினை அணைத்த பிறகும் விஎஃப்டியின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். குறைந்தது பத்து நிமிடம் விடுங்கள், மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டே தொடுங்கள். எர்த் வயர் ஃபிரேம் வரை உண்மையிலேயே போகிறதா என்றும் பாருங்கள். பெட்டியில் படிந்த மரத்தூளை ஏர் அடித்து ஊதாமல் வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது.

அந்த மரவேலைக்காரர் போன மாதம் மறுபடி போன் செய்தார். இன்னொரு மெஷின் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். "டிரைவர் ஒண்ணு எரிஞ்சிருக்குண்ணே. ஆனா பேக்லாஷ் நடுவுல 0.04, ஓரத்துல 0.03. கேபிள் செயின்ல ஒரு வயர் கட் ஆகுது." வண்டியைக் கூப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். கூப்பிடச் சொன்னேன்.