எந்த ஜெனரேஷன் என்று முதலில் கேளுங்கள்

"ஐ5 சிஸ்டம் என்ன விலைங்க?" கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சேலத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னால் விலை சொல்ல முடியாது. ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் நிறுவனம் வருடக்கணக்காக விடும் பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை) வரிசைகளின் பெயர். எந்த ஐ5 என்று தெரிய வேண்டும்.

ஐ5-3470 வந்தது 2012இல். நான்கு கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). ஐ3-12100 வந்தது 2022இல். அதிலும் நான்கு கோர்தான், ஆனால் எட்டு த்ரெட். ஒரு கோர் செய்து முடிக்கும் வேலையும் வெகுவாகக் கூடியிருக்கிறது. அதனால் இந்த ஐ3, அந்தப் பழைய ஐ5-ஐ மட்டுமல்ல, அந்தப் பழைய காலத்து ஐ7-ஐயும் தாண்டிப் போகும். டெஸ்க்டாப் பிராசசரில் நான்கு இலக்க எண் என்றால் முதல் இலக்கம், ஐந்து இலக்க எண் என்றால் முதல் இரண்டு இலக்கம். அதுதான் ஜெனரேஷன். 3470 மூன்றாவது, 12100 பன்னிரண்டாவது.

"ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி, புத்தம் புதுசு" என்று வாட்ஸ்அப்பில் அடிமாட்டு விலைக்கு வரும் செட்களில் நிறைய இந்த மூன்றாம் ஜெனரேஷன்தான். கேபினட் புதிது, எஸ்எஸ்டி புதிது, அதற்கான எச்61 ரக மதர்போர்டுகூடப் புதிதாகச் செய்ததாக இருக்கும். பிராசசர் மட்டும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி முடித்தது. ராம் பழைய வகையான டிடிஆர்3. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் பட்டியல், ஒரு சில விதிவிலக்கு தவிர, எட்டாம் ஜெனரேஷனில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும். தொடர்ந்து அப்டேட் வரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. இதெல்லாம் தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கினால் தப்பில்லை. தெரியாமல் வாங்குவதுதான் பிரச்சினை.

சரி, எதை வாங்கலாம்? கடை பில்லிங், டேலி, பிள்ளைகளின் கல்லூரி வேலை இவற்றுக்கு ஐ3-12100 தாராளம். இளம்பிள்ளை பக்கம் சேலை டிசைன் போடுகிறவர்கள், கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள் ஆறு கோர் உள்ள ஐ5-12400-க்குப் போகலாம். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம், ஆனால் பையன் கொஞ்சம் கேம் ஆடுவான் என்றால் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் 12100-இல் இருப்பதைவிட வலுவானது. அதற்கு ராம் ஒரே 16 ஜிபியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கொஞ்சம் பணம் மிச்சம் என்று 12100எஃப் வாங்கிவிட்டு, "டிஸ்ப்ளே வரலைண்ணா, போர்டு போயிருச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். போர்டு நன்றாகத்தான் இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் அதில் படம் வராது.

மதர்போர்டுக்கு வருவோம். பட்ஜெட் இடிக்கும்போது எல்லாரும் கை வைக்கும் இடம் இதுதான். ஐ3-க்கு எச்610 என்ற மலிவு ரகப் போர்டு போதும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே மலிவு போர்டில் ஐ7 போடுவது காசுக்குக் கேடு. பிராசசருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் பகுதியை விஆர்எம் என்போம். மலிவு போர்டுகளில் அது சிறியது, மேலே சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்கூட இருக்காது. ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத மாடி அறையில் அது சூடேறி, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7 விலை கொடுத்துவிட்டு ஐ5 வேகத்தில் ஓட்ட வேண்டியதுதான். என்னைக் கேட்டால், பிராசசரில் ஒரு படி இறங்கி, அதற்கு மேல் ரகமான பி660 அல்லது பி760-இல் ஹீட்சிங்க் உள்ள போர்டாக எடுங்கள். நான்கு ராம் ஸ்லாட் உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. 12, 13, 14 மூன்று ஜெனரேஷனுக்கும் போர்டில் பிராசசர் உட்காரும் இடம், எல்ஜிஏ1700 என்ற ஒரே சாக்கெட்தான். பிற்பாடு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டிலும் இதே கதை. அந்த வகையில் பழைய ஸ்டாக் பி450 போர்டில் 5600ஜி போடுவதற்கு முன் பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே எச்610 டிடிஆர்4 ராமுக்கு ஒரு மாடலாகவும் டிடிஆர்5-க்கு இன்னொரு மாடலாகவும் வருகிறது. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. ராம் விற்கிற விலையில் இதைத் தவறவிட்டால் வலிக்கும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எஸ்டேட் அலுவலகத்திலும் தங்கும் விடுதியிலும் மாதக்கணக்கில் அணைத்தே வைக்கும் மெஷின்களில் பனி ஈரம் ஏறி ராம் ஸ்லாட்டும் போர்ட்களும் களிம்பேறிவிடும். வாரம் ஒரு முறையாவது ஓட விடுங்கள். இடி மின்னலின்போது பவர் பிளக்கை மட்டுமல்ல, நெட் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் போர்டுக்குள் வரும்.

வாங்கும்போது பில்லில் பிராசசர், போர்டு இரண்டின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பாக்ஸில் வராமல் தனியாக வரும் 'ட்ரே' பிராசசருக்கு விற்ற கடைதான் வாரண்டி, இன்டெல் தராது. எல்ஜிஏ1700 போர்டின் சாக்கெட் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பிராசசரை மாட்டியதும் அதைக் குப்பையில் போட்டுவிடாமல் போர்டு டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் போய், வழியில் சாக்கெட் பின் ஒன்று வளைந்தாலும் போர்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.